நீர்த்தாரைப் புற்று அறுவைக்குப் பிறகு திரும்ப வருமா? சேலத்திலிருந்து வந்த கேள்விக்கு விரிவான பதில்

கேட்டவர் சேலம் செவ்வாய்ப்பேட்டையைச் சேர்ந்த ஒரு மகன். அப்பாவுக்கு வயது 61, கொலுசுப் பட்டறையில் வேலை. பல வருடமாக நீர்ப்பாதை சுருங்கி, அவ்வப்போது கம்பி விட்டு விரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பிறகு ரத்தம் கசிந்து, சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று தெரிந்தது. நான்கு மாதத்துக்கு முன் ஆணுறுப்பின் முன்பகுதியை மட்டும் அறுவை செய்து எடுத்திருக்கிறார்கள். ரிப்போர்ட்டில் ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தட்டைச் செல்களில் தோன்றும் புற்று), பிடி2 (புற்று இறங்கிய ஆழத்தின் குறியீடு), வெட்டு ஓரத்தில் புற்று இல்லை என்று இருக்கிறது. தொடை இடுக்கில் எதுவும் தட்டுப்படாததால் அங்கே கை வைக்கவில்லை. மகன் கேட்பது இவை: திரும்ப வருமா? 5 வருடத்தில் பாதிப் பேர்தான் இருப்பார்கள் என்று படித்தது உண்மையா? கீமோ கொடுக்காமல் விட்டது தவறா? கொஞ்ச நாள் ஏற்காட்டில் அத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாமா?

முதலில் பெயர். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் யூரிட்டர். பையிலிருந்து வெளியே வரும் பாதை யூரித்ரா. பேச்சிலும் பத்திரிகையிலும் இரண்டையுமே ‘சிறுநீர்க் குழாய்’ என்றுதான் சொல்கிறார்கள். அதனால் தேடுகிறவர் பாதி நேரம் வேறொரு நோயின் கணக்கைப் படித்துவிட்டுத் தூக்கம் கெடுகிறார். நாட்டு வைத்தியத்தில் யூரித்ராவுக்கு நீர்த்தாரை என்று நல்ல பெயர் இருக்கிறது. இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன். அப்பாவுக்கு வந்தது நீர்த்தாரைப் புற்று. யூரிட்டர் புற்றின் புள்ளிவிவரமும் சிறுநீர்ப்பைப் புற்றின் புள்ளிவிவரமும் அவருக்குப் பொருந்தாது.

இனி அந்த ‘பாதிப் பேர்’. அது பொய்யில்லை. ஐரோப்பாவின் அரிய புற்றுநோய்ப் பதிவில் 5 ஆண்டு உயிர்வாழ்வு 54% என்று இருக்கிறது. அமெரிக்காவில் 1988 முதல் 2006 வரை பதிவான 2,000-க்கும் சற்று அதிகமான ஆண்களின் கணக்கில் 5 ஆண்டுக்கு 46%, 10 ஆண்டுக்கு 29%. ஆனால் அதே அமெரிக்கக் கணக்கில் இன்னொரு வரி உண்டு. இந்தப் புற்றால் மட்டும் இறந்தவர்களைக் கணக்கில் எடுத்தால் 5 ஆண்டுக்கு 68% பேரும், 10 ஆண்டுக்கு 60% பேரும் தப்பியிருக்கிறார்கள். 46-க்கும் 68-க்கும் நடுவில் இத்தனை இடைவெளி ஏன்? இது பெரும்பாலும் 70 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும் நோய். மாரடைப்பு, சிறுநீரகக் கோளாறு, வேறு புற்று என்று மற்றவற்றால் போனவர்களும் 46% என்ற கணக்குக்குள் கலந்துவிடுகிறார்கள். உங்கள் அப்பாவுக்கு 61. இன்னொன்றும் கவனியுங்கள்: 5 ஆண்டில் 68%, அடுத்த 5 ஆண்டு கழித்தும் 60%. நூறு பேரில் முதல் 5 ஆண்டில் விழுந்தவர்கள் 32 பேர் என்றால், அடுத்த 5 ஆண்டில் 8 பேர்தான். ஆபத்து முன்னாலேயே குவிந்து கிடக்கிறது. ஒவ்வொரு வருடமும் தாண்டத் தாண்ட, அறுவை நாளன்று சொன்ன சதவீதம் பழசாகிக்கொண்டே போகும்.

இந்தக் கணக்கில் இன்னொரு கலப்படமும் உண்டு. இது மொத்தப் புற்றுநோய்களில் 1%-க்கும் குறைவாக வரும் அபூர்வ நோய் என்பதால், எல்லா வகையையும் எல்லா நிலையையும் ஒரே சட்டியில் போட்டுத்தான் சதவீதம் எடுக்கிறார்கள். முனையில் தோன்றி மேலோட்டமாக இருந்த கட்டியும், உள்ளே ப்ராஸ்டேட் (சிறுநீர்ப்பைக்குக் கீழே உள்ள சுரப்பி) பக்கம் தோன்றி இடுப்புக்குள் பரவிய கட்டியும் அதே 46-க்குள் இருக்கின்றன. எனவே சதவீதத்தைத் தள்ளி வைத்துவிட்டு, கையில் இருக்கும் சதைப் பரிசோதனை ரிப்போர்ட்டை எடுங்கள். அப்பாவின் கணக்கு அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது.

அதில் முதலில் பார்க்க வேண்டியது இடம். ஆணின் நீர்த்தாரையை முன்பகுதி, பின்பகுதி என்று பிரிப்பார்கள். ஆணுறுப்புக்குள் ஓடுவதும், விரைப்பைக்குப் பின்னால் வளையும் பல்பார் பகுதியும் முன்பகுதி. அதற்கு மேலே தசை வளையத்தைத் தாண்டி ப்ராஸ்டேட்டுக்குள் போவது பின்பகுதி. முனைக்கு எவ்வளவு அருகில் தோன்றியதோ அவ்வளவு நல்லது. முனையில் வந்தால் சீக்கிரம் தெரிகிறது, முழுதாக எடுக்கவும் முடிகிறது. பல்பாரிலும் அதற்கு மேலேயும் வந்தது பெரும்பாலும் சுருக்கம் என்ற பெயரில் மாதக்கணக்கில் ஒளிந்திருந்து, ஆழமாக இறங்கிய பிறகே வெளிப்படும். அப்பாவுக்கு முன்பகுதியை மட்டும் எடுத்தால் போதும் என்று முடிவெடுத்திருக்கிறார்கள் என்றால், கட்டி நல்ல பக்கத்தில்தான் இருந்திருக்கிறது.

அடுத்தது ஆழம். டிஏ, டி1 என்றால் தோலடுக்கோடும் அதன் அடிப்படலத்தோடும் நின்றது. டி2 என்றால் நீர்த்தாரையைச் சுற்றியுள்ள பஞ்சு போன்ற சதைக்குள் போய்விட்டது. டி3 என்றால் விறைப்புக்குக் காரணமான தண்டுச் சதைக்குள் நுழைந்தது. டி4 என்றால் பக்கத்து உறுப்பைப் பிடித்தது. முன்னால் உள்ள ‘பி’ முக்கியம். அது ஸ்கேனைப் பார்த்துச் செய்த மதிப்பீடு இல்லை, எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்து உறுதிசெய்தது. பிடி2 நடுவில் நிற்கிறது. ‘ஒன்றுமில்லை’ என்று விட்டுவிட முடியாது, கைவிட வேண்டிய நிலையும் இல்லை.

மூன்றாவது வெட்டு ஓரம். எடுத்த துண்டின் விளிம்பில் புற்றுச் செல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஆணுறுப்பைக் காப்பாற்றும் அறுவைகளில், முன்பெல்லாம் சொன்ன 2 செ.மீ. இடைவெளி தேவையில்லை, 5 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலும் ஓரம் சுத்தமாக இருந்தால் போதும் என்று தேர்ந்தெடுத்த நோயாளிகளில் தெரியவந்திருக்கிறது. ஓரத்தில் புற்று இருந்தால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும் வாய்ப்பு தெளிவாகக் கூடும். அப்படியானால் மறுபடி வெட்டுவார்கள், இல்லையென்றால் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் ‘ஓரத்தில் இல்லை’ என்று மட்டும் இருந்தால் போதாது. எத்தனை மி.மீ. தள்ளி என்று கேளுங்கள். நீர்த்தாரையின் வெட்டு முனை, தண்டுச் சதையின் வெட்டு முனை, தோல் ஓரம் மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். நீர்த்தாரையின் உட்படலத்தில் புற்று கட்டியைத் தாண்டிப் படர்ந்திருக்கலாம். மூன்றில் பெரிதும் ஏமாற்றுவது அந்த முனைதான்.

ரத்தக் குழாய், நிணநீர்க் குழாய்க்குள் செல்கள் நுழைந்திருக்கின்றனவா, நரம்பைச் சுற்றிப் படர்ந்திருக்கிறதா என்ற இரண்டு வரிகளையும் தேடுங்கள். ‘ஆம்’ என்றிருந்தால் தொடை இடுக்கை இன்னும் நெருக்கமாகக் கவனிக்க வேண்டும். அந்த வரியே இல்லை என்றால், பார்த்து எழுதித் தரச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. சதைத் துண்டைப் பதித்து வைத்த பாரஃபின் பிளாக்குகளும் கண்ணாடித் தகடுகளும் லேபில்தான் இருக்கும். மருத்துவமனைக் கடிதம் கொடுத்தால் தருவார்கள். இத்தனை அபூர்வமான நோய்க்கு, வேறொரு பெரிய புற்றுநோய் மையத்து நோய்க்கூறியல் நிபுணரிடம் அதே தகடுகளைக் காட்டுவது நேரத்தை வீணாக்குவதில்லை. வகை மாறினால் வைத்தியமே மாறிவிடும்.

வகையைப் பற்றிச் சுருக்கமாக. மொத்தத்தில் அதிகம் வருவது யூரோதீலியல் வகை, அதாவது சிறுநீர்ப் பாதையின் உட்படலச் செல்களில் தோன்றுவது. அடுத்து ஸ்குவாமஸ், அடுத்து சுரப்பிச் செல்களில் தோன்றும் அடினோகார்சினோமா. நீண்ட நாள் சுருக்கம், உரசல், அழற்சி, ஹெச்பிவி 16 என்ற வைரஸ் ஆகியவற்றோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் ஸ்குவாமஸ். அப்பாவின் பழைய கதையோடு அது பொருந்துகிறது. யூரோதீலியல் என்றால் சிறுநீர்ப்பை, யூரிட்டர், சிறுநீரகக் கிண்ணம் எல்லாவற்றிலும் அதே படலம் இருப்பதால், ஓர் இடத்தில் எடுத்துவிட்டாலும் இன்னொரு இடத்தில் புதிதாகத் தோன்றலாம். அந்த வகைக்கு மேலே வரை வருடக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஸ்குவாமஸுக்கு அந்தக் கவலை குறைவு. அதன் வழி பக்கத்துச் சதை, பிறகு நிணநீர்க் கணு.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். நீர்த்தாரையின் முன்பகுதியிலிருந்து நிணநீர் முதலில் போய்ச் சேருவது தொடை இடுக்கில். பின்பகுதியிலிருந்து இடுப்புக்குள் இருக்கும் கணுக்களுக்கு. அப்பாவுக்கு முன்பகுதி, அதுவும் பிடி2, தொடை இடுக்கில் அறுவை செய்யவில்லை. நோய் திரும்ப வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் வெட்டிய முனையும் இரண்டு தொடை இடுக்கும்தான்.

கணுவை எடுக்காமல் விட்டது தவறா என்று கேட்டால், இல்லை. தட்டுப்படாத நிலையில் எல்லோருக்கும் தொடை இடுக்கைக் கிளறுவது நடைமுறை இல்லை. அந்த அறுவைக்குப் பிறகு காயம் ஆறாமல் இழுப்பது, நீர் கோப்பது, கால் நிரந்தரமாக வீங்குவது எல்லாம் வரக்கூடும். ஆனால் ‘எடுக்கவில்லை’ என்பதற்கு ‘கவனித்துக்கொண்டிருக்கிறோம்’ என்றே பொருள். கவனிப்பு நின்றுவிட்டால் அந்த முடிவின் நியாயமும் போய்விடும்.

நம் பக்கம் தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டால் ‘நெறி கட்டியிருக்கிறது’ என்பார்கள். காலில் முள் குத்தியிருக்கும், சேற்றுப்புண் இருக்கும் என்று சுண்ணாம்பு தடவி விட்டுவிடுவார்கள். ஏற்காடு எஸ்டேட்டுகளில் வெறுங்காலோடு நடந்து, அட்டை கடித்து, கீறல் வாங்குகிறவர்களுக்கு நெறி கட்டுவது அன்றாடக் காட்சி. எல்லோருக்கும் அது சரியாக இருக்கலாம். நீர்த்தாரைப் புற்று இருந்தவருக்குச் சரியில்லை. ஆணுறுப்புத் தோலில் வரும் புற்றில் தொடை இடுக்குக் கணு வெறும் அழற்சியாலும் வீங்கும். நீர்த்தாரைப் புற்றில் தட்டுப்படும் கணு பெரும்பாலும் புற்றாகவே இருக்கும். ஆன்டிபயாடிக் போட்டு ஆறு வாரம் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அதே வாரத்தில் அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்து, ஊசி மூலம் செல் எடுத்துச் சோதிக்க வேண்டும். ஊசியில் ஒன்றும் வரவில்லை, ஆனால் கட்டி அப்படியே இருக்கிறது என்றால் மறுபடி ஊசி, அல்லது கணுவை எடுத்துப் பார்ப்பது. ஊசியில் புற்றில்லை என்று வந்துவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது.

வீட்டில் மாதம் ஒரு முறை தடவிப் பார்க்கலாம். குளித்த பிறகு, மல்லாக்கப் படுத்து, காலைச் சற்று மடக்கி, விரல்களைத் தட்டையாக வைத்து தொடையும் வயிறும் சேரும் மடிப்புக்குக் கீழே மெதுவாக உருட்ட வேண்டும். பல பேருக்கு மெலிந்த, நழுவும் சிறு கணுக்கள் இயல்பாகவே இருக்கும். புதிதாக வந்தது, கல் போல் கெட்டியானது, நகராமல் ஒட்டியது, ஒவ்வொரு மாதமும் பெருப்பது, இவையே கவலைக்குரியவை. முதல் மாதம் எப்படி இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இல்லையென்றால் நான்காவது மாதம் ‘முன்னாலும் இருந்ததோ?’ என்ற குழப்பம் வரும். அப்பா கூச்சப்பட்டால் அம்மா பார்க்கட்டும். வீட்டில் யாரிடமும் சொல்லாமல் மறைக்கும் ஆண்களிடம்தான் இந்த நோய் ஆழமாகிப் பிடிபடுகிறது.

வெட்டிய முனையில் திரும்ப வந்தால் எப்படித் தெரியும்? தழும்பில் கெட்டியான முடிச்சு, உள்ளாடையில் ரத்தப் பொட்டு, நாற்றமுள்ள கசிவு, நீர் வரும் தாரை மெலிவது அல்லது இரண்டாகப் பிரிவது, விரைப்பைக்குப் பின்னால் வலி, விறைப்பே இல்லாத போது தண்டு கெட்டியாக இருப்பது, தோலில் ஓட்டை விழுந்து நீர் கசிவது. இவற்றில் தாரை மெலிவது மட்டும் தந்திரமானது. புதிதாக அமைத்த வாய் காயம் ஆறும்போது தானாகவே சுருங்குவது மிகச் சாதாரணம். அப்பாவுக்கு முன்பே சுருக்க உடம்பு, எனவே வாய்ப்பு இன்னும் கூடுதல். நீர் மெலிந்தாலே புற்று என்று பதறவும் வேண்டாம், சுருக்கம்தான் என்று தானாக முடிவு கட்டவும் வேண்டாம்.

இதில் ஒரு விதியைக் கடைப்பிடியுங்கள். இனி ஸ்கோப் (உள்ளே விட்டுப் பார்க்கும் கேமரா குழாய்) விட்டுக் கண்ணால் பார்க்காமல் கம்பி விட்டு விரிக்கக் கூடாது. முதல் தடவை பல பேருக்குத் தாமதமானதே அப்படித்தான். சுருக்கம் என்று மூன்று மாதத்துக்கொரு முறை விரிக்கிறார்கள், ரத்தம் வந்தால் ‘கம்பி பட்டது’ என்கிறார்கள், விரித்தும் நிற்காமல் வேகமாகத் திரும்பச் சுருங்குகிறது, அப்போதும் யாரும் சதை எடுப்பதில்லை. விரித்த இடம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூடிக்கொள்வதும், கம்பி விடாத நாளில் ரத்தம் வருவதும் சதைப் பரிசோதனைக்குப் போதுமான காரணங்கள்.

இன்னொரு தாமதம் நம் ஊர் வெயிலால் வருவது. சித்திரை, வைகாசியில் சேலத்தில் நீர்ச்சுருக்கு இல்லாத வீடே இருக்காது. எரிச்சல் என்றால் மோர், நுங்கு, பார்லித் தண்ணீர், வெந்தயம் என்று ஒரு வாரம், பிறகு மருந்துக் கடையில் சொல்லி ஒரு ஆன்டிபயாடிக், பிறகு இன்னொன்று. மற்றவர்கள் அப்படி இருந்துவிட்டுப் போகட்டும். அப்பாவுக்கு எரிச்சல் மட்டும் என்றால் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி தேடும் சோதனை) கொடுத்துவிட்டு மருந்து சாப்பிடலாம். எரிச்சலோடு ரத்தம் இருந்தால் சூடு என்ற பேச்சே வேண்டாம். கல்ச்சரில் கிருமி இருந்தாலும் ஸ்கோப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கட்டி இருக்கும் இடத்தில் கிருமியும் சேர்ந்தே குடியேறும்.

கீமோ பற்றி. பிடி2, ஓரம் சுத்தம், கணு தட்டுப்படவில்லை என்ற நிலையில் அறுவையோடு நிறுத்திக் கவனிப்பது ஏற்கப்பட்ட வழி. டி3-க்கு மேல், அல்லது கணுவில் புற்று இருந்தால்தான் கீமோ, கீமோவோடு கரண்ட் என்று பேச்சு தொடங்கும். கணுவில் புற்று இருப்பது முன்பே தெரிந்தால் கீமோவை முதலில் கொடுத்துவிட்டு அறுவை செய்வது நல்ல பலன் தருகிறது. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து அடங்கிய கூட்டு மருந்துகளுக்கு, முற்றிய நிலையில்கூட, ஒரு பெரிய மையத்தின் தொகுப்பில் 72% பேரின் கட்டி சுருங்கியது. ஸ்குவாமஸ் வகைக்கு அறுவையே இல்லாமல் 5-எஃப்யூ, மைட்டோமைசின் மருந்துகளோடு கரண்ட் வைத்த 26 ஆண்களின் தொகுப்பில் ஏறக்குறைய 80% பேருக்குக் கட்டி முழுதாக மறைந்தது. சின்னத் தொகுப்புதான். ஆனால் திரும்ப வந்தால் கையில் ஒன்றுமில்லை என்று நினைப்பவர்களுக்குச் சொல்ல வேண்டிய கணக்கு அது.

சிஸ்பிளாட்டினுக்கு ஒரு நிபந்தனை உண்டு. சிறுநீரகம் நன்றாக வேலை செய்ய வேண்டும். வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 60 மி.லி.க்குக் கீழே போனால் முழு அளவில் கொடுக்கத் தயங்குவார்கள். வருடக்கணக்கில் நீர் அடைத்தே வாழ்ந்தவர்களின் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெட்டிருக்கும். எனவே இப்போதே கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) பார்த்து வையுங்கள். மூட்டு வலிக்கு டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரையைக் கடையில் வாங்கிப் போடுவதை நிறுத்துங்கள். நெருஞ்சி, சிறுபீளைக் கஷாயம் குடிப்பவர் என்றால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். கீமோ நடக்கும் வாரங்களில் அதுவும் வேண்டாம். நாளைக்குத் தேவைப்பட்டால் அந்த மருந்தைக் கொடுக்க முடிகிற உடம்பாக அவரை வைத்திருப்பதும் இந்தக் கவனிப்பில் சேர்ந்ததுதான்.

திரும்ப வந்தால் என்ன ஆகும் என்பது எங்கே வந்தது என்பதைப் பொறுத்தது. நீர்த்தாரையின் மிச்சப் பகுதியில் அல்லது முனையில் மட்டும் வந்து, உடனே மறுஅறுவையோ கரண்ட்டோ கொடுத்தவர்கள், திரும்பவே வராதவர்களுக்குச் சமமாக வாழ்ந்ததாக ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியிருக்கிறது. தொடை இடுக்கில் ஒன்றிரண்டு கணுவில் வந்தால் கடினம், ஆனால் கீமோவும் அறுவையும் சேர்த்துக் குணமாக்க முயல்கிற கடினம். இடுப்புக் கணுக்கள் வரை ஏறிவிட்டால் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. நுரையீரல், கல்லீரல், எலும்புக்குப் போய்விட்டால் நோக்கம் கட்டுப்படுத்துவதும் வலியில்லாமல் வைப்பதும்தான். ஒரே நோய்தான், பிடிபட்ட மாதம் எது என்பதைப் பொறுத்து இந்தப் படிகள் மாறுகின்றன.

கவனிப்பு அட்டவணை மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் வேறுபடும். பொதுவாக முதல் 2 வருடம் 3 மாதத்துக்கொரு முறை, பிறகு 5 வருடம் வரை 6 மாதத்துக்கொரு முறை, அதன் பிறகு வருடத்துக்கு ஒரு முறை. ஒவ்வொரு தடவையும் டாக்டர் கையால் தழும்பையும் இரண்டு தொடை இடுக்கையும் தடவிப் பார்க்க வேண்டும். ஃபைலைப் பார்த்துவிட்டு மருந்து எழுதிக் கொடுத்தால் அது செக்கப் ஆகாது. ‘சார், இடுக்கைப் பார்த்துவிடுங்கள்’ என்று கேளுங்கள். அதோடு மிச்ச நீர்த்தாரைக்கும் சிறுநீர்ப்பைக்கும் ஸ்கோப். பிடி2 என்பதால் முதல் 2 வருடம் 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை இடுப்பு, வயிறு, நெஞ்சுக்கு ஸ்கேன். காயம் ஆறி வீக்கம் வடிந்திருக்கும் இப்போதே இடுப்புக்கு ஒரு எம்ஆர்ஐ எடுத்து அடிப்படைப் படமாக வைத்துக்கொண்டால், பின்னால் தழும்பையும் கட்டியையும் பிரித்தறிய உதவும். அந்த இடத்துச் சதையைக் காட்ட சிடியைவிட எம்ஆர்ஐ மேல்.

பெட் ஸ்கேன் கேட்டு அடம்பிடிக்க வேண்டாம். அதற்குச் செலுத்தும் மருந்து சிறுநீரில்தான் வெளியேறுகிறது. நீர்த்தாரையே விளக்குப் போட்டது போல் ஒளிரும். புற்றா, நீரா என்று தெரியாது. கணுவுக்கும் தூரத்துப் பரவலுக்கும் அது உதவும், முனைக்கு உதவாது. ரத்தத்தில் பார்க்கும் ‘கேன்சர் மார்க்கர் பேக்கேஜ்’ இந்த நோய்க்கு நம்பத்தக்கதாக எதுவும் இல்லை. பிஎஸ்ஏ என்ற ரத்தச் சோதனை ப்ராஸ்டேட்டுக்கு உரியது. சிறுநீரில் புற்றுச் செல் தேடும் சைட்டாலஜி யூரோதீலியல் வகைக்குப் பயன்படும், ஸ்குவாமஸுக்கு அவ்வளவாக இல்லை. அந்தப் பணத்தை அடுத்த எம்ஆர்ஐக்கு வையுங்கள்.

இதைப் படிக்கும் வேறு இரண்டு வகைக் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. பெண்களுக்கு நீர்த்தாரை 4 செ.மீ. அளவுதான். அதனால் அதைக் காப்பாற்றி அறுவை செய்தால் திரும்ப வரும் விகிதம் கூடுதல், பல தொகுப்புகளில் 22 முதல் 60% வரை. 2 செ.மீ.க்கு மேல் எடுத்தால் நீரை அடக்க முடியாமல் போவது ஏறக்குறைய 42% பேருக்கு. கரண்ட் வைத்த பெண்களில் அதே இடத்தில் திரும்பியவற்றில் 95% முதல் 2 வருடத்துக்குள் தெரிந்துவிட்டன. மாதவிடாய் நின்றவர் ‘மறுபடி தீட்டு வந்ததோ’ என்று நினைக்கும் ரத்தம் நீர்த்தாரையிலிருந்தும் வரலாம். சிறுநீர்ப்பைப் புற்றுக்காகப் பையை எடுத்து, நீர்த்தாரையை விட்டுவைத்த ஆண்களில் 1.5 முதல் 6% பேருக்கு அந்த மிச்சத்தில் புற்று வரலாம். நீர் சேர வயிற்றில் வெளிப்பை மாட்டியிருப்பவருக்கு, நீரே வராத பழைய பாதையிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் அன்றே சொல்ல வேண்டும்.

அப்பாவின் வேலைக்கு வருகிறேன். கொலுசுப் பட்டறையில் தரையில் சம்மணம் போட்டு மணிக்கணக்கில் உட்காருவது நோயைத் திரும்பக் கொண்டுவராது. ஆனால் கவட்டில் அழுத்தம், வலி, வீக்கம் வந்தால் எது நோய், எது வேலை என்று பிரிக்க முடியாமல் போகும். உயரப் பலகையும் மெத்தையும் போட்டு, முக்கால் மணிக்கொரு முறை எழுந்து நடந்தால் போதும். பீடி, சிகரெட் இருந்தால் அதற்கு மட்டும் சமரசம் கிடையாது. நின்றுகொண்டு நீர் கழிக்க முடியாமல் உட்கார்ந்து கழிக்க வேண்டியிருந்தால் அதை அவமானமாக்காமல் வீட்டிலும் பட்டறையிலும் மேற்கத்திய கழிப்பறைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள். பல பேர் வெளியே போகவே மறுத்து, தண்ணீரைக் குறைத்து, அதிலேயே கிருமித் தொற்று வாங்குகிறார்கள்.

செலவு பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. எந்த ஸ்கேன் அதில் வரும் என்று நாள் குறிக்கும் முன்பே காப்பீட்டுக் கவுண்ட்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்கோப், சதைப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஆகியவற்றுக்குச் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும். கணு அறுவை, கீமோவோடு கரண்ட் என்று பேச்சு வந்தால், யூராலஜி, கீமோ, கரண்ட் மூன்று பிரிவும் ஒரே மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கும் மையத்துக்குப் போவது மேல். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையோ வேலூர் சிஎம்சியோ, எதுவானாலும் சேலம் ஜங்ஷனிலிருந்து ரயில் இருக்கிறது. புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் போகிறவருக்கு 75%. மருத்துவமனை கையெழுத்திட்ட படிவத்தோடு ரயில் நிலைய முன்பதிவுக் கவுண்ட்டரில் எடுக்க வேண்டும்.

ஏற்காடு தாராளமாகப் போகலாம். குளிரோ உயரமோ புற்றைத் தூண்டாது. காபியும் தூண்டாது, எரிச்சல் இருக்கும் நாளில் மட்டும் ஒன்றிரண்டு தம்ளரோடு நிறுத்தினால் போதும். குளிரில் தாகம் எடுக்காமல் தண்ணீர் குறைந்துவிடும், அதை மட்டும் கணக்குப் பார்த்துக் குடிக்க வையுங்கள். எஸ்டேட் பாதையில் செருப்பில்லாமல் நடக்க விடாதீர்கள். காலில் புண் வந்து நெறி கட்டினால் எது எதனால் என்று தெரியாமல் நாம்தான் ஊசிக்கு அலைய வேண்டும். நீர் அடைத்துக்கொண்டால் மேலே காத்திருக்காமல் இறங்கிவிட வேண்டும். நீர் வடிக்கும் ட்யூபும் அது சேரும் பையும் இருக்கிற காலமாக இருந்தால், 20 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் முன் பையைக் காலி செய்து, ட்யூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு ஒட்டி, பையை இடுப்புக்குக் கீழே வைத்துக்கொள்ளுங்கள். பை நிறைந்து தொங்கினால் ஒவ்வொரு வளைவிலும் இழுப்பது வெட்டிய முனையைத்தான். அடுத்த 3 மாதச் செக்கப் தேதி அத்தை வீட்டுக் காலண்டரிலும் எழுதியிருக்கட்டும்.